விழா உண்டு, வீடு எங்கே?

ஒரு மொழியில் ஆண்டுக்கு எத்தனை நூல்கள் அச்சேறுகின்றன என்பதைக் கொண்டு மட்டும் அம்மொழியின் இலக்கிய வாழ்வை அளந்துவிட முடியாது. எழுதப்பட்டது வாய்விட்டுப் படிக்கப்படுகின்றதா, படிக்கப்பட்டது செவி கொடுத்துக் கேட்கப்படுகின்றதா, கேட்டவர் எழுந்து ‘இஃது ஏன் இப்படி?’ என்று வினவுகின்றனரா, வினவப்பட்டவர் வீடு திரும்பித் திருத்தி எழுதுகின்றாரா என்பவையே உண்மையான அளவுகோல்கள். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்த் தமிழிலக்கிய உலகை அளக்கப் புகுந்தால் மகிழ்ச்சிக்கும் இடம் உண்டு. கவலைக்கு அதனினும் மிகுந்த இடம் உண்டு.

மகிழ்ச்சியை முதலில் சொல்வோம். தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1976இல் தோன்றிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் கதைக்களத்தை நடத்தி வந்திருக்கிறது. கவிஞர்களுக்குக் கவிமாலை உண்டு. நூலகங்களில் வாசகர் வட்டங்கள் கூடியிருக்கின்றன. 2007 முதல் ஏப்ரல் திங்களில் தமிழ்மொழி விழா கொண்டாடப்படுகின்றது. சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழுக்கும் தனி இடம் இருக்கின்றது. தமிழர் சிறுபான்மையராய் வாழும் ஒரு சிறு தீவில் இவை எளிய செயல்கள் அல்ல. ஊதியம் கருதாது உழைத்தவர்களின் வியர்வை இவற்றுக்குப் பின்னால் இருக்கின்றது.

இனி, கவலை. இவ்வளவும் நடப்பது பெரும்பாலும் இரவல் இடங்களில். நூலக அறையில் இரண்டு மணி நேரம், சமூகமன்றக் கூடத்தில் ஒரு மாலைப்பொழுது என்று நம் இலக்கியம் விருந்தாளியாகவே வாழ்கின்றது. நேரம் முடிந்தால் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் புறப்படுகின்றோம். எழுதுகின்றவன் எந்நாளும் சென்று அமரவும், எழுதியதைப் படித்துக் காட்டவும், நடித்துப் பார்க்கவும், இளையோர்க்குக் கற்றுக்கொடுக்கவும் உரிய, நாமே திறந்து நாமே மூடும் எழுத்தகம் ஒன்றை நாம் இன்னும் எழுப்பவில்லை. விழா எடுப்பதில் காட்டிய ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு வீடு அமைப்பதில் நாம் காட்டவில்லை என்பதே என் வழக்கு.

இதனைச் சொல்பவன் ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியன். ‘அயலானுக்கு என்ன உரிமை?’ என்று கேட்கலாம். இரு கரைகளின் இலக்கிய வரலாறும் நெடுங்காலம் ஒன்றாகவே ஓடியது. இன்றும் அக்கரையில் எழுதியதை இக்கரையில் படிக்கின்றோம். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் எங்கள் சுவரும் நனையும். அந்த உரிமையில் பேசுகின்றேன்.

அரங்கேற்றம் என்பது பாராட்டன்று

நம்மவர் அரங்கேற்றம் என்னும் சொல்லை மறக்கவில்லை. அதன் பொருளை மறந்துவிட்டனர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்டது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. ஆசான் குற்றம் வினவினார். ஆசிரியர் விடை பகர்ந்தார் என்று உரையாசிரியர்கள் விரிப்பர். கம்பர் திருவரங்கத்திலும் சேக்கிழார் தில்லையிலும் தம் காவியங்களை அரங்கேற்றினர் என்பது மரபு. கம்பர் தம் நூலுக்கு ஒப்புதல் பெறப் பலரிடமும் அலைந்த கதைகளை நம் மாணவர்களும் அறிவர். இக்கதைகளுள் எது வரலாறு, எது புனைவு என்பது வேறு ஆராய்ச்சி. அவை அனைத்தும் ஒன்றனை ஒப்புக்கொள்கின்றன: அவைக்கு முன் நின்று, வாய்விட்டுப் படித்து, வினாக்களைத் தாங்கி நின்ற பின்னரே நூல் நூலாயிற்று.

இன்றைய நூல் வெளியீட்டு விழாவை இதனோடு ஒப்பிடுங்கள். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நூலாய்வு என்ற பெயரில் மற்றொரு வாழ்த்துரை, முதற்படி வழங்கல், பொன்னாடை போர்த்தல், ஏற்புரை, நன்றியுரை, சிற்றுண்டி. மேடையில் எல்லாரும் பேசுகின்றனர். நூல் மட்டும் பேசுவதில்லை. ஆசிரியர் தம் நூலிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டும் வழக்கம் எத்தனை விழாக்களில் உண்டு? பொன்னாடை போர்த்தப்பட்ட தோளைப் பார்த்து, ‘உங்கள் மூன்றாவது கதையின் முடிவு பொருந்தவில்லையே’ என்று கேட்க எவருக்கு மனம் வரும்? பாராட்டு விழா தவறன்று. உழைத்தவனுக்கு ஒரு நாள் மகிழ்ச்சி வேண்டும். ஆனால், பாராட்டு இலக்கிய வாழ்வின் ஒரு நாளாக இருக்க வேண்டுமேயன்றி, அதன் எல்லா நாளுமாக ஆகிவிடக் கூடாது.

போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். கதைப் போட்டி, கவிதைப் போட்டி, பேச்சுப் போட்டி என்று நம் மாணவர்களை ஓட வைத்துக்கொண்டே இருக்கின்றோம். மூவர்க்குப் பரிசு, எஞ்சிய முப்பதின்மர்க்கு மௌனம். தோற்ற மாணவனிடம் ‘உன் கதையில் இந்த இடம் உயிருள்ளது, இந்த இடம் உயிரற்றது’ என்று சொல்வோர் யார்? அவன் கற்றுக்கொண்டது தான் தோற்றான் என்பதை மட்டுமே. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தேர்வுக்காகவும் அன்றிப் போட்டிக்காகவும் அன்றித் தனக்குத் தோன்றியதைத் தமிழில் நான்கு வரி எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தாளை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு வினாவுக்காகவே எழுதப்படுகின்றது.

இந்த மண்ணுக்குப் புதியதன்று

எழுத்துப் பயிலரங்கு என்றவுடன் அது மேனாட்டு இறக்குமதி என்று முகஞ்சுளிப்பார் உளர். அவர்கள் நம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் நன்று. 1950, 1951ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர்த் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். சிறுகதையின் இலக்கணத்தைப் பாடமாகத் தந்து, எழுதச் செய்து, வந்தவற்றை மதிப்பிட்டுத் திருத்தினர். தோட்டத்திலும் கம்பத்திலும் இருந்த இளைஞர்கள் அஞ்சல்வழியே எழுதக் கற்றனர். 1952இல் சிங்கப்பூர்த் ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ நடைபெற்றது. அவ்வாண்டுகளிலேயே கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேச’னில் பணியாற்றிய கு. அழகிரிசாமி எழுத்தாளர்களைக் கூட்டி உட்கார வைத்துக் கதை பேசினார். கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வழியே பள்ளிப் பிள்ளைகளை எழுத்துக்கு இழுத்தது. பின்னர் 1970களின் பிற்பகுதியில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய ‘இலக்கியக் களம்’ உள்ளூர்ச் சிறுகதைகளை எடுத்து வைத்துக்கொண்டு கூர்மையாக விவாதித்தது.

எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தைக் கற்பிக்க முடியும் என்று நம்பிச் செய்து காட்டியவர்கள் இருந்தனர் என்பதற்கு இவை சான்று. அவற்றில் எழுதிப் பழகியோர் பின்னாளில் இரு நாட்டு இலக்கியத்துக்கும் தூண்களாயினர் என்பதும் கண்கூடு. பின் ஏன் அவை நிலைக்கவில்லை? அவை தனி மனிதரின் ஆர்வத்தில் எழுந்தன; இதழின் பக்கத்திலும் நண்பரின் கூடத்திலும் வாழ்ந்தன. மனிதர் ஊர் மாறினார், இதழின் போக்கு மாறியது, வகுப்பும் முடிந்தது. விளக்கு இருந்தது, விளக்கை வைக்க மாடம் இல்லை.

முன்பு தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களே ஓரளவு அந்த மாடமாக இருந்தன. பகலில் வகுப்பறை, மாலையில் நாடக ஒத்திகை, விடுமுறையில் பேச்சு மன்றம். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டபோது சிங்கப்பூரில் ஒரு பள்ளி மட்டும் மூடப்படவில்லை. தமிழ் தன் வீட்டில் தான் அமர்ந்திருந்த ஒரு திண்ணையும் மூடப்பட்டது. அதன்பின் அப்பெயரைத் தாங்கி எழுந்த மொழிநிலையம் கல்விப்பணியைச் செவ்வனே ஆற்றுகின்றது. ஆயினும் கல்விநிலையம் வேறு, படைப்பகம் வேறு.

அண்டையில் இருப்போர் செய்தது

அதே நகரில் பிறர் என்ன செய்தனர்? 1990இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன், ஆர்மேனியன் தெருவில் பழைய மின்துணை நிலையம் ஒன்றனை ‘சப்ஸ்டேஷன்’ என்னும் கலையகமாக்கினார். இவர் 1988இல் உருவாக்கிய, தாய் தன் பூனையைத் தேடும் நாடகத்தில், ஹொக்கியன் பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாமலே உறவாடுவர். நம் மொழியை மேடையில் மதிப்புடன் நிறுத்தியவர் அவர். அவர் நிறுவிய இல்லத்தில் புகழ் பெறாதவர்க்கும் மேடை கிடைத்தது. தோல்வியுறவும் இடம் கிடைத்தது.

2016இல் ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘சிங் லிட் ஸ்டேஷன்’ என்னும் அமைப்பை நிறுவினர். அச்சுக்குச் செல்லாத கையெழுத்துப் படிகளை நடுவில் வைத்துக்கொண்டு, எழுதியவரும் மற்றவரும் பக்கம் பக்கமாக அலசும் பயிலரங்குகளை அவர்கள் நடத்தினர். அவர்களுக்கு இடம் அமைந்தது எங்கே? டிக்சன் சாலையில்! நம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவு.

இன்னொரு சான்றுதான் என் நெஞ்சைச் சுடுகின்றது. குட்டி இந்தியாவின் ரோவல் சாலையில் 2011இல் ‘திபாஸ்ரம்’ என்னும் சிறு இல்லம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ‘பங்ளார் கண்ட’ என்னும் வங்கமொழி இதழை நடத்திய ஏ.கே.எம். மொசின். அங்கே வந்தவர் யார்? பேராசிரியர்களா? செல்வந்தர்களா? கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த வங்காளதேசத் தொழிலாளர்கள். ஓய்வு நாளில் அங்குக் கூடித் தாம் எழுதிய கவிதைகளைப் படித்தனர், பாடினர், நாடகம் பழகினர். 2014இல் வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கப்பட்டபோது முதற்பரிசு பெற்ற ஜாகிர் ஹொசேன் கொகன் அவ்வங்கத் தொழிலாளருள் ஒருவர். அவர்கள் மொழி இந்நாட்டின் ஆட்சிமொழியன்று. அவர்களுக்கு இங்கு நிலையான குடியுரிமை இல்லை. ஆயினும், தேக்காவின் நடுவே தம் மொழிக்கு ஓர் அறையை அவர்கள் உண்டாக்கிக் கொண்டனர்.

அதே தெருக்களில் ஞாயிறுதோறும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் நடந்தனர். அவர்களுள் கவிஞர் இலரா? பின்னாளில் அதே போட்டி தமிழுக்கும் திறந்துவிடப்பட்டபோது, எழுதுவோர் உளர் என்பது தெரிந்தது. அவர்களை அழைத்து அமர்த்தி, ‘தம்பி, நீ எழுதியதைப் படி’ என்று சொல்ல நம்மிடம் ஒரு கதவு இருந்ததா? ஆட்சிமொழி என்னும் பட்டயம் நம் கையில். அறை அவர்கள் கையில். இதனை எண்ணித் தமிழர் நாணுதல் வேண்டும்.

சொல்லப்படும் சாக்குகள்

‘நூலகம் இலவசமாக இடம் தருகின்றதே, வேறு அறை எதற்கு?’ என்பார் முதலாமவர். நூலகத்துக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும், நேரம் குறித்துக் கடன் வாங்கிய அறையில் நாடக ஒத்திகை நடத்த முடியாது. பாதி எழுதிய சுவரொட்டியை ஒட்டி வைக்க முடியாது. விவாதம் சூடேறும் வேளையில் விளக்கை அணைத்துவிடுவார்கள். மேலும், விருந்தாளி தன் குரலைத் தாழ்த்தியே பேசுவான். இலக்கியத்துக்குச் சிலபோது உரத்த குரலும் வேண்டும்.

‘எழுத்து பிறவிக்கொடை, கற்பிக்க இயலாது’ என்பார் இரண்டாமவர். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கின்றேன். பயிற்சிக் கல்லூரியில் எந்த ஆசிரியனும் பாடப்புத்தகத்தை மட்டும் படித்து ஆசிரியனாகி விடுவதில்லை. சக பயிற்சியாளர் பின்வரிசையில் அமர்ந்திருக்க, விரிவுரையாளர் குறிப்பெடுக்க, அவன் ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். பாடம் முடிந்ததும் குறையும் நிறையும் பேசப்படும். கரும்பலகைக்கு முதுகு காட்டினாயா, பின்வரிசை மாணவனைப் பார்த்தாயா, வினாவைக் கேட்டுவிட்டு நீயே விடை சொன்னாயா என்று ஒவ்வொன்றும் கேட்கப்படும். கற்பித்தலும் கொடைதான், ஆயினும் கொடையுடையவனும் பிறர் கண்முன் பழகியே தேர்கின்றான். இசைக்கு இது பொருந்தும், நடனத்துக்குப் பொருந்தும். எழுத்துக்கு மட்டும் பொருந்தாது என்பது எந்த நியாயம்?

‘நம்மவர் குறை சொன்னால் பகை வளரும்’ என்பார் மூன்றாமவர். உண்மைதான், சிறிய சமுதாயத்தில் எல்லாரும் எல்லார்க்கும் உறவு. ஆனால், பகை வளர்வது குறை சொல்வதனால் அன்று. முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு வாகன நிறுத்துமிடத்தில் இகழ்வதனால்தான். குறையை முறையாகச் சொல்லும் ஒழுங்கு ஓரிடத்தில் பழக்கமாகிவிட்டால், அந்தக் காழ்ப்புக்கு வேலையிராது.

‘இளையோர் வருவதில்லை’ என்பார் நான்காமவர். எதற்கு வருவர்? ஐந்து வாழ்த்துரைகளைக் கேட்கவா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியருள், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 27.9 விழுக்காடு. பத்தே ஆண்டில் இத்தனைச் சரிவு. வீட்டில் பேசாத மொழியைப் பள்ளிக்கூடம் தனியே காப்பாற்ற முடியாது. 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னதும் இந்தக் கவலையால்தான். வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே, இளையோர் தாமே விரும்பித் தமிழில் விளையாடும் மூன்றாம் இடம் ஒன்று வேண்டும். அவ்விடம் படைப்பகமே.

எப்படிப்பட்ட இல்லம்?

அளவில் பெரிதாக வேண்டா. நாற்பது பேர் அமரும் ஒரு மாடியறை போதும். அங்கு மூன்று பணிகள் நடைபெறுக.

முதலாவது, வாசிப்பு அரங்கு. எழுதியவரே தம் படைப்பைப் படிக்க வேண்டும்; தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. அறிமுகம் ஒரு நிமிடம், வாசிப்பு பத்து நிமிடம், வினா இருபது நிமிடம். வாய்விட்டுப் படிக்கும்போதே எழுதியவருக்குத் தம் தொடரின் முடம் தெரிந்துவிடும். நாக்கு தடுக்கும் இடத்தில் கருத்தும் தடுக்கி இருப்பதைப் பலமுறை காணலாம்.

இரண்டாவது, நாடகம். மேடையமைப்பும் ஒளியும் இல்லாமல், கையில் படியை வைத்துக்கொண்டே படித்து நடிக்கலாம். வானொலியில் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ போன்ற தொடரைப் படைத்த புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன், குரலை மட்டும் கொண்டே அடுக்குமாடி வீட்டு வாழ்வைக் கேட்போர் கண்முன் நிறுத்தவில்லையா? நம் பேச்சுத்தமிழ் இழிவன்று, இலக்கியமாகும் என்பதை மாணவன் உணர நாடகத்தினும் சிறந்த வகுப்பு இல்லை.

மூன்றாவது, பயிலரங்கு. எட்டுப் பேருக்கு மேல் வேண்டா. ஆறு வாரம் தொடர்ந்து வர வேண்டும். ஒவ்வொருவரும் எழுதியதை மற்ற எழுவரும் முன்னரே படித்து வர வேண்டும். பேசும்போது எழுதியவர் வாய் திறவாது கேட்க வேண்டும். இறுதியில்தான் விடை சொல்லலாம். ‘நன்று’, ‘அருமை’ என்னும் சொற்களுக்கு அங்கே தடை. எந்த வரி, ஏன் என்று காட்ட வேண்டும். இவ்வளவு எளிய ஒழுங்கைக் கடைப்பிடித்தால், ஆறு விழாக்கள் தராத வளர்ச்சியை ஆறு வாரம் தரும்.

பொருளுக்கு என் செய்வது? அரசு மானியம் கிடைத்தால் நன்றியுடன் பெறலாம். ஆனால் அதனையே மூச்சாகக் கொள்ளல் ஆகாது. சப்ஸ்டேஷனின் வரலாறு இங்கு ஒரு பாடம். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த கட்டடம் அதற்குச் சொந்தமன்று. புதுப்பிப்புக்குப் பின் முழுக் கட்டடமும் மீளக் கிடைக்காது என்றான நிலையில் 2021இல் அது வெளியேறியது. அமைப்பு பின்னரும் தொடர்ந்தது. ஆனால் இல்லம் போயிற்று. ஆகவே, சிறிதாயினும் நம் சந்தாவில் நிற்கும் அறையே வேண்டும். ஆளுக்கு மாதம் 20 வெள்ளி, 200 பேர். மாதம் 4,000 வெள்ளி. எழுத்தாளர் கழகமும் கவிஞர் அமைப்புகளும் நாடகக் குழுக்களும் ஆளுக்கொரு மாலையென அவ்வறையைப் பங்கிட்டுக் கொள்ளலாம். வாடகை எட்டாவிடில், வேறு மொழி எழுத்தாளரோடு சேர்ந்து ஓரிடம் எடுப்பதிலும் தாழ்வில்லை. அதனால் மொழிபெயர்ப்பும் வளரும்.

‘யார் கொடுப்பர்?’ என்று கேட்காதீர்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நிலைபெறவும் தமிழ் நூல்கள் சேரவும் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டப்பட்டது. அன்று தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் தம் காசை எடுத்துக் கொடுத்தனர். தாம் ஒருநாளும் காலடி வைக்கப்போகாத பல்கலைக்கழகத்துக்காக, தாம் படிக்கப்போகாத நூல்களுக்காகக் கொடுத்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு விழாவின் பொன்னாடைச் செலவை ஒரு மாத வாடகைக்கு மாற்றத் தயங்கினால், அந்த வெள்ளிக்காசுகளை நாம் மறந்தவர்களாவோம்.

தமிழாசிரியர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். இல்லம் அமையும்வரை காத்திருக்க வேண்டா. வரும் மாதத்தில் ஒரு நாள், மதிப்பெண் இல்லாத ஒரு மணி நேரத்தை மாணவர்க்குக் கொடுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். சிவப்பு மையை மேசைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள். மாணவர்களே, நீங்கள் எழுதிய நான்கு வரியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘இதைப் படிக்க எங்களுக்கு இடம் எங்கே?’ என்று மூத்தோரைக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். அடுத்த விழாவுக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் மூத்தோர் அந்த வினாவுக்கும் ஒரு நாள் குறிக்கட்டும்.